மதியம் ஆனா ஃபிக்சர் நடுவுல 0.38 மி.மீ. தூக்குது: ஃபைபர்-ரெசின் விரிவைக் குறைக்க வழி இருக்குங்களா?

#1 · பேட்டர்ன்கடை_கோவை · திங்கள் இரவு 9.40

வணக்கமுங்க. ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தேன். இன்னைக்குக் கேக்க வேண்டிய நிலைமை.

கோயமுத்தூர்ல சின்ன பேட்டர்ன் கடை. ஃபவுண்டரிக்கு மரத்துலயும் ரெசின்லயும் பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி உரு) செஞ்சுட்டு இருந்தோம். போன வருசத்துல இருந்து கார் பிளாஸ்டிக் பார்ட்டுக்கு செக்கிங் ஃபிக்சரும், அதாவது பார்ட்டை மேல வச்சு அளவு சரியான்னு பாக்கற தாங்கியும், எடுத்துப் பண்றோம். இப்ப மாட்டிக்கிட்டது ஒரு பம்பர் ஃபிக்சர்ல. நீளம் 1400 மி.மீ., அகலம் 400. மேல 2 மி.மீ. எபாக்ஸி சர்ஃபேஸ் கோட், அடியில கிளாஸ் ஃபைபர், மொத்தம் 8 மி.மீ. 50-க்கு 50, 3 மி.மீ. கனமுள்ள இரும்பு ஸ்கொயர் டியூப் ரெண்டு நீளவாக்குல போட்டு வெல்டு பண்ணின ஃபிரேம். அதுமேல 10 போல்ட் வச்சு இறுக்கியிருக்கு.

காலைல 8 மணிக்கு ஷெட்ல 24 டிகிரி. கிரானைட் மேசையில ஃபிக்சரை வச்சு, நடுவுல டயலை (நுண்ணளவு காட்டற முள்ளு கேஜ்) வச்சு சைபர் பண்ணினேன். மதியம் ரெண்டரைக்கு 37 டிகிரி. டயல் 0.38 காட்டுது, மேல் பக்கமா. நம்பாம டயலை மாத்தி வச்சும் பாத்தாச்சு. ராத்திரி எட்டு மணிக்கு 0.05-க்கு தானா இறங்கிருச்சு. கஸ்டமர் கொடுத்த டாலரன்ஸ் 0.2.

ரெசின்ல சிலிகா பவுடர் கலந்தா விரிவு குறையும்னு ஒருத்தர் சொல்றாருங்க. கார்பன் துணி போட்டா விரிவே இல்லைங்கறாரு இன்னொருத்தர். கார்பன் விலையைக் கேட்டா தலை சுத்துது. எதைக் கேக்கறது?

#2 · சும்மா_பாக்கவந்தவன் · 9.52

ஷெட்டுக்கு ஏசி போடுங்க. முடிஞ்சுது கதை.

#3 · பொடிமாஸ்டர் · 10.15

பவுடர் சொன்னவர் சரியாத்தான் சொல்லியிருக்கார். விரியறது ரெசின்தான், கிளாஸ் இல்லை. ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரி ஏறினா எத்தனை மைக்ரான் நீளும்னு பாருங்க: வெறும் எபாக்ஸி 60, கிளாஸ் நார் 5, ஃப்யூஸ்டு சிலிகா (உருக்கி ஆற வச்ச சிலிகா) வெறும் அரை. அந்தப் பொடியை எடையில 60% கலந்தீங்கன்னா, கன அளவுல அது 44%. பங்கு போட்டுப் பார்த்தாலே ரெசின் 60-ல இருந்து 34-க்கு இறங்கிடும். பொடி ரெசினை விட ரொம்ப விறைப்பானது, அதனால நிஜத்துல இன்னும் கொஞ்சம் கீழேயே வரும்.

ஒண்ணு கவனம். கடையில "சிலிகா"ன்னு கேட்டா சாதா குவார்ட்ஸ் மாவைக் கட்டிக் கொடுத்துடுவாங்க. அது 11, 12 விரியும். பேர் ஒண்ணுதான், சரக்கு வேற. அதோட குவார்ட்ஸ் மாவு நுரையீரலுக்கு எமன். கர்ச்சீப் கட்டிக்கிட்டு கலக்கற வேலை வேண்டாம், நல்ல மாஸ்க் போடுங்க.

#4 · டயல்கேஜ் · 10.31

மருந்து எழுதறதுக்கு முன்னாடி நாடி பாக்கணும். மூணு கேள்வி.

என்ன மேட், எத்தனை லேயர்? போஸ்ட் க்யூர், அதாவது ரெசின் கெட்டியானதுக்கு (க்யூர்) அப்புறம் மறுபடி சூடேத்தி வைக்கறது, பண்ணினீங்களா? 10 போல்ட்டும் முழுசா டைட்டா, ஏதாவது ஓட்டை ஸ்லாட்டா (நீட்டி விட்டதா)?

#5 · பேட்டர்ன்கடை_கோவை · 10.44

450 கிராம் சாப்டு ஸ்ட்ராண்ட் மேட், 6 லேயர். பாலியஸ்டர் வேலைக்கு வாங்கினது மிச்சம் இருந்துச்சு, அதையே எபாக்ஸியில போட்டுட்டோம். ஊற லேட்டாச்சு, ரோலர் போட்டு அமுக்கி அமுக்கி வேலை வாங்கினோம். க்யூர் பண்ணினது ஷெட் சூட்டுலயே, ஒரு நாள் விட்டோம். ஓவன் கிடையாதுங்க. போல்ட் எல்லாம் முழு டைட். ஆடக் கூடாதுன்னு லாக்டைட் (போல்ட் கழலாம ஒட்டற பசை) வேற போட்டிருக்கு.

#6 · பழைய_லேஅப் · செவ்வாய் காலை 6.20

தம்பி, நீங்க சொன்ன ஒவ்வொரு வரியிலயும் ஒரு காரணம் இருக்கு. நிதானமா எழுதறேன்.

முதல்ல மேட். அந்த மேட்டுல வெட்டின நார்களைச் சேர்த்துப் பிடிச்சிருக்கற பைண்டர், பாலியஸ்டர் ரெசின்ல இருக்கற ஸ்டைரீன்ல கரையறதுக்காகப் போட்டது. எபாக்ஸியில ஸ்டைரீன் கிடையாது. பைண்டர் கரையாது, மேட் இளகாது, ரெசின் உள்ளே போகாது. போகலைன்னு இன்னும் ரெசினை ஊத்துவோம். கடைசியில எடையில கிளாஸ் 30% தேறினா அதிகம். அது கன அளவுல 16 சதவீதம்தான். மீதி 84-ம் ரெசின். இது ஃபைபர் ரீஇன்ஃபோர்ஸ்டு ரெசின் இல்லை, கொஞ்சம் நார் விழுந்த ரெசின்.

ஏன் இது முக்கியம்னா, நாரும் ரெசினும் சேர்ந்தா விரிவு எண் சராசரியா வராது. யார் விறைப்பானவனோ அவன் பேச்சுதான் எடுபடும். நாரோட ஒரே திசையில இழுத்துப் போட்ட தகட்டுக்குக் கணக்கு இப்படி: ஒவ்வொண்ணுக்கும் பங்கு, விறைப்பு, விரிவு மூணையும் பெருக்கிக் கூட்டுங்க. அதைப் பங்கு பெருக்கல் விறைப்பு கூட்டுத்தொகையால வகுங்க. கிளாஸோட விறைப்பு 72 ஜிபிஏ (கிகாபாஸ்கல், விறைப்புக்கான அலகு), எபாக்ஸி 3.5. சரிபாதி போட்டா, மேல 180-ம் 105-ம் சேர்ந்து 285. கீழ 36-ம் 1.75-ம் சேர்ந்து 37.75. வகுத்தா ஏழரை. ரெசின் 60, கிளாஸ் 5, சேர்ந்தா ஏழரை! பாதிக்குப் பாதி ரெசின் இருந்தும் கிளாஸ் அதைத் தலையெடுக்க விடலை. இது நாரோட நீளவாக்குல மட்டும். குறுக்கே பார்த்தா நாருக்குப் பிடிமானம் இல்லை, 30-க்கு மேல போயிடும்.

உங்க மேட்டுல நார் எல்லாத் திசையிலயும் சிதறிக் கிடக்கு, அதுவும் 16 சதவீதம். நான் போட்டுப் பார்த்ததுல தகடு பரப்பு வாக்குல 28 பக்கம் வருது. இரும்பு 12.

அடுத்தது போஸ்ட் க்யூர். அறைச் சூட்டுல செட் ஆன எபாக்ஸிக்கு டிஜி, அதாவது கண்ணாடி மாதிரி இருக்கறது ரப்பர் மாதிரி ஆகற சூடு, 50-55 டிகிரியைத் தாண்டாது. அதைத் தாண்டினதும் ரெசின் விரிவு மூணு மடங்குக்குப் போகும். 37 டிகிரியில அது நடக்கலை. ஆனா ஃபிக்சர் கறுப்பு கலரா இருந்து, ஒரு மணி நேரம் வெயில்ல வண்டியில போச்சுன்னா கதை வேற. ஓவன் இல்லைன்னா ஒரு தெர்மோகோல் பெட்டி, ஒரு ஹீட்டர், ஒரு ஃபேன் போதும். ரெசின் டேட்டா ஷீட்ல சொன்ன சூட்டுக்கு, மணிக்கு 10 டிகிரி வீதம் ஏத்துங்க. அங்கேயே நிறுத்திட்டு, அதே நிதானத்துல இறக்குங்க. தகட்டை அச்சுல இருந்து கழட்டாம பண்ணணும். கழட்டிட்டுப் பண்ணினா அது தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கும்.

மூணாவது, மேல 2 மி.மீ. வெறும் ரெசின் கோட் இருக்கு, அடியில இல்லை. தோசை ஒரு பக்கம் வெந்தா ஓரம் தூக்கற மாதிரி இதுவும் சூடேறும்போது ஒரு பக்கம் இழுக்கும். லேயர் அடுக்குல மேல என்ன இருக்கோ அதுவே அடியிலயும் இருக்கணும். இதைச் சொல்லாத வாத்தியார் கிடையாது, மீறாத கடையும் கிடையாது.

#7 · கரிநார் · காலை 9.05

ப்ரோ, இதுக்கெல்லாம் ஒரே விடை கார்பன். அதே ஃபார்முலாவைப் போடுங்க. கார்பன் நார் விறைப்பு 230, விரிவு மைனஸ் 0.4. ஆமா, மைனஸ். சூடாக்கினா நீளவாக்குல சுருங்கும்! 60% நார் போட்டா மேல மைனஸ் 55-ம் பிளஸ் 84-ம், கீழ 139. விடை 0.2. கிட்டத்தட்ட சைபர். இன்வாரையே (விரிவு ரொம்பக் கம்மியான நிக்கல்-இரும்பு) தூக்கிச் சாப்பிட்டுடும்.

எதுக்கு சுருங்குதுன்னு கேப்பீங்க. கார்பன் நாருக்குள்ள கிராஃபைட் அடுக்குகள் நாரோட நீளத்துக்கே படுத்திருக்கு. சூடேறினா அந்த அடுக்குகள் மேலும் கீழுமா அலையடிக்கும். கொடியில காயற வேட்டி காத்துல படபடக்கும்போது கீழ் நுனி மேல ஏறுமே, அதே மாதிரிதான். அலை பெருசானா ரெண்டு நுனிக்கும் தூரம் குறையும். குறுக்கு வாக்குல நல்லாவே விரியும், அது வேற விஷயம்.

#8 · டயல்கேஜ் · 11.48

கரிநார் சொன்ன 0.2 சரி, ஆனா ஒரே திசைக்கு. பம்பர் ஃபிக்சருக்கு எல்லாத் திசையிலயும் துணி போடணும். அப்ப கார்பன் தகடு 2.5 பக்கம் வரும். அதுவும் நல்ல எண்தான். ஆனா கீழ இருக்கறது இரும்பு ஃபிரேம்.

டீ குடிச்சுக்கிட்டே கணக்குப் போட்டேன், சரி பாருங்க.

இப்ப இருக்கற கிளாஸ் தகடு 28, இரும்பு 12. வித்தியாசம் 16. 13 டிகிரி ஏறினா 1.4 மீட்டருக்கு தகடு 0.51 மி.மீ. நீள ஆசைப்படுது, ஃபிரேம் 0.22 நீளுது. மிச்சம் 0.29-ஐ போல்ட்டும் லாக்டைட்டும் விடமாட்டேங்குது. தகடு ஃபிரேமைத் தள்ளுது. தகட்டு விறைப்பு 7 ஜிபிஏ-ன்னு வச்சா, தள்ளற விசை 3500 நியூட்டன், கிட்டத்தட்ட 350 கிலோ. இந்தத் தள்ளல் டியூபோட நடுக்கோட்டுல இல்லை, 29 மி.மீ. மேல. அதனால ஃபிரேம் வில்லா வளையுது. நடுவுல எவ்வளவு தூக்கும்னு போட்டா 0.30 வருது. உங்க டயல் 0.38. பழைய லேஅப் சொன்ன அந்த ஒருபக்க சர்ஃபேஸ் கோட்டும், என் கணக்குல இல்லாத பம்பர் வளைவும் மீதியை எடுத்துக்கும்.

இப்ப கார்பனுக்கு வருவோம். 2.5-க்கும் 12-க்கும் வித்தியாசம் 9.5. இந்தத் தடவை ஃபிரேம்தான் நீளுது, தகடு பிடிச்சு இழுக்குது. கார்பன் தகட்டு விறைப்பு 50 ஜிபிஏ. வித்தியாசம் குறைஞ்சாலும் கை பலம் ஏழு மடங்கு. அதே 8 மி.மீ. தடிமனுக்கு நடு 0.5 மி.மீ. கீழ இறங்கும். தடிமனைப் பாதியாக்கினாலும் 0.38.

மூணு மடங்கு காசைக் கொடுத்து, மேல தூக்கினதைக் கீழ இறக்கி வாங்குவீங்க.

#9 · சும்மா_பாக்கவந்தவன் · 11.55

அப்ப ஏசிதான்.

#10 · கரிநார் · மதியம் 1.10

@டயல்கேஜ் ஒத்துக்கறேன், இரும்பு ஃபிரேமை நான் யோசிக்கலை. ஃபிரேமையும் கார்பன் டியூப்ல பண்ணினா?

#11 · டயல்கேஜ் · 1.22

பண்ணினா பிரமாதமா இருக்கும். பில்லை நீங்க கட்டுங்க.

#12 · பழைய_லேஅப் · 3.40

கார்பன் தம்பி மனசு விட வேண்டாம். அவர் சொல்றது சில இடத்துல ரொம்பச் சரி. கார்பன் பார்ட்டை 180 டிகிரியில வேக வைக்கற அச்சு அலுமினியத்துல இருந்தா, அது 23 விரியும். 2 மீட்டர் அச்சு 160 டிகிரி ஏறினா 7 மி.மீ.க்கு மேல நீண்டு நிக்கும். அந்த நீளத்துலதான் பார்ட் கெட்டியாகும். அதுக்காகத்தான் அச்சையும் கார்பன்லயோ இன்வார்லயோ செய்யறாங்க. 36% நிக்கல் கலந்த அந்த இரும்பை 1896-ல கண்டுபிடிச்ச கியோம் அதுக்காகவே 1920-ல இயற்பியல் நோபல் வாங்கினார். அச்சும் பார்ட்டும் ஒரே மாதிரி விரியணும்கறதுதான் அங்கே கணக்கு. குறைவா விரியறதுங்கறது கூடவே வந்த லாபம்.

கார்பன்லயும் தடிமன் வாக்குல ரெசின் ஆட்டம்தான், 40 பக்கம். அதனால அச்சுல சரியா 90 டிகிரி மூலை வச்சு வார்த்தா, ஆறினதும் பார்ட்ல 89, 89.3-ன்னு மூடிக்கும். ஆறும்போது தகடு தடிமன்ல நிறைய சுருங்குது, நீளத்துல சுருங்கலை. மூலைக்கு வேற வழி இல்லாம உள்ளே மடங்குது. கணக்கு போட்டா வெப்பத்தால மட்டும் அரை டிகிரி, மீதி ரெசின் கெட்டியாகும்போது சுருங்கறதால. நான் வேலை பழகின காலத்துல அச்சையே 91 டிகிரிக்குக் கடைஞ்சு விடுவோம். முதல் பார்ட் வெளியே வந்து கோணமட்டத்துல வைக்கற வரைக்கும் யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க.

#13 · வடமராட்சி_போட் · மாலை 5.25

நான் யாழ்ப்பாணப் பக்கம். நாங்கள் ஃபைபர் போட் கட்டுறனாங்கள், பாலியஸ்டரிலதான். ஒரு சந்தேகம். அச்சில இருந்து எடுக்கேக்க கண்ணாடி மாதிரி மினுங்கும். ரெண்டு மாசம் வெயிலுக்க கிடந்தால், ஜெல்கோட்டுக்கு (வெளிப் பூச்சு ரெசின்) மேலால துணியின்ர பின்னல் அப்படியே தெரியுது. கடும் நீலம் அடிச்ச போட்டில கூட, வெள்ளையில குறைய. இதுவும் இந்த வெப்ப விரிவுதானோ?

#14 · பழைய_லேஅப் · 5.58

அது கொஞ்சம்தான், மீதி வேற. ரெண்டையும் சேர்த்துக் குழப்பிக்கறது நம்ம தொழில்ல வழக்கம்.

விரிவுன்னா சூட்டுல நீண்டு, ஆறினா பழைய இடத்துக்கு வரணும். கோவைக்காரர் டயல் அப்படித்தான் வருது. உங்க போட்ல நடக்கறது பெரும்பாலும் க்யூர் சுருக்கம், திரும்பி வராது. பாலியஸ்டர் கெட்டியாகும்போது கன அளவுல 5-ல இருந்து 8% வரைக்கும் சுருங்கும், எபாக்ஸி அதைவிடக் கம்மி. அச்சுல இருந்து எடுக்கும்போது க்யூர் முடிஞ்சிருக்காது. வெயில்ல கிடக்கும்போதுதான் மீதி க்யூர் நடக்குது. பின்னலுக்கு நடுவுல ரெசின் தேங்கின இடம் அதிகமா சுருங்கி அமுங்குது, நார் இருக்கற இடம் மேடா நிக்குது. கறுப்பும் நீலமும் சூட்டை அதிகமா வாங்கும், அதனால அதுல சீக்கிரம் தெரியும்.

ஜெல்கோட்டுக்கு அடுத்து துணியை வைக்காம மெல்லிசு மேட் ஒண்ணு வச்சு, அதை முழுசா கெட்டியாக விட்டு அப்புறம் துணி போட்டுப் பாருங்க. அவசரப்பட்டு அச்சுல இருந்து எடுக்காதீங்க. உங்க பாலியஸ்டருக்கு அந்த மேட் ரொம்பச் சரியான சாமான்.

#15 · வடமராட்சி_போட் · 6.10

விளங்குது. நன்றி ஐயா. அவசரம்தான் பிழை, சீசனுக்கு முதல் எல்லாருக்கும் போட் வேணும்.

#16 · பேட்டர்ன்கடை_கோவை · இரவு 9.15

எல்லாரும் இவ்வளவு மெனக்கெடறீங்க, ரொம்ப நன்றிங்க. பவுடரைப் பத்தி பொடிமாஸ்டரைத் தவிர யாரும் பதில் சொல்லலையே. 25 கிலோ மூட்டை ஒண்ணு ஏற்கெனவே வாங்கிட்டேன்.

#17 · நாலுலேயர்போர்டு · 10.02

நான் எலக்ட்ரானிக்ஸ், சென்னை. எங்க சர்க்யூட் போர்டும் உங்க சாமான்தான், கிளாஸ் துணி பிளஸ் எபாக்ஸி. பவுடர் பத்தி எங்க அனுபவம் சொல்றேன்.

ஐசி மேல மூடற கறுப்பு எபாக்ஸி இருக்கே, அதுல எடையில 70-ல இருந்து 90% வரைக்கும் ஃப்யூஸ்டு சிலிகாதான். சிலிக்கான் சில்லு 2.6 தான் விரியும், அதுமேல வெறும் எபாக்ஸியை ஊத்தினா சில்லையே பிச்சு எடுத்துடும். பொடியைப் போட்டு 10 பக்கம் கொண்டு வராங்க. ஆக பொடி வேலை செய்யும், அதுல சந்தேகமே இல்லை. ஆனா அங்கே நார் கிடையாது, வெறும் பொடி ரெசினை அழுத்தி அச்சுல தள்றாங்க.

நார் இருந்தா நிலைமை வேற. எஃப்ஆர்4 போர்டு பரப்பு வாக்குல 14-ல இருந்து 17. செம்பு 17. நல்ல ஜோடி. தடிமன் வாக்குல பிடிச்சு நிறுத்த நாரே இல்லை, அங்கே 60. 1.6 மி.மீ. போர்டை சால்டர் ஓவன்ல 250 டிகிரிக்கு ஏத்தும்போது, டிஜி 140 வரைக்கும் 11 மைக்ரான் உப்பும். அதுக்கு மேல விரிவு 250-க்குத் தாவிடும், இன்னும் 44 மைக்ரான். மொத்தம் 55. ஓட்டைக்குள்ள பூசின செம்புக் குழாய் அந்தச் சூட்டுக்குத் தானா நீளறது 6 மைக்ரான்தான். 55 எங்க, 6 எங்க? பல தடவை சூடேறி ஆறினதும் குழாய் நடுவுல மயிரிழை விரிசல் விழும். குளிர்ல வேலை செய்யும், சூடானா நின்னுடும். ஒரு போர்டுக்காக மூணு நாள் தூங்காம இருந்திருக்கேன். கடைசியில குறுக்கே வெட்டி மைக்ராஸ்கோப்ல பார்த்தா அந்த விரிசல் இளிக்குது.

அதனால நாங்க டிஜி அதிகமான ரெசினும், பொடி கலந்த போர்டும் கேட்டு வாங்கறோம். பெரிய பிராசசர் அடியில வைக்கற சப்ஸ்ட்ரேட்டுக்கு நாரையே மாத்திடறாங்க. ஜப்பான்ல நிட்டோபோ கம்பெனி செய்யற டி-கிளாஸ் துணி, சாதா ஈ-கிளாஸ் விரியறதுல பாதிதான் விரியும்.

#18 · பழைய_லேஅப் · புதன் காலை 6.05

மூட்டை வாங்கின தம்பிக்கு: பொடியை இன்ஃப்யூஷன்ல மட்டும் போட்டுடாதீங்க. ஒரு தடவை நாங்க போட்டோம். வேக்யூம்ல ரெசின் துணிக்குள்ள ஓடும்போது, துணி வடிகட்டி மாதிரி பொடியை வாசல்லயே நிறுத்திடுச்சு. ரெசின் நுழைஞ்ச முனையில சுண்ணாம்புக் கட்டி மாதிரி பொடி, மறுமுனைக்குப் போனது சுத்தமான ரெசின். ஒரே தகட்டுல ஒரு முனைக்கு ஒரு விரிவு, மறுமுனைக்கு வேற விரிவு. பாயைச் சுருட்டி வச்ச மாதிரி அச்சுல இருந்து வெளியே வந்துச்சு. அதை வெட்டி எறியவே ஒரு நாள் ஆச்சு.

ஒரு கை விரல் கனத்துக்கு மேல ரெசின் கோட் ஊத்தற இடம், மூலையில நிரப்பற பேஸ்ட், சர்ஃபேஸ் கோட், இங்கெல்லாம் பொடி போடுங்க. அங்கே அது தங்கம். உங்க சர்ஃபேஸ் கோட்ல போட்டாலே அந்த ஒருபக்க இழுவை பாதியா குறையும்.

தகட்டுக்கு நார்தான் மருந்து. மேட்டைத் தூக்கிப் போட்டுட்டு நெய்த துணியை வாங்குங்க. கையால போட்டாலே எடையில 50% கிளாஸ் ஏறும். மேல வேக்யூம் பேக் போட்டு உபரி ரெசினை உறிஞ்சினா 65 வரைக்கும் போகலாம். அப்ப விரிவு 15 பக்கம் வந்து நிக்கும், போர்டுக்காரர் சொன்ன அதே எண். இரும்பு 12. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல வந்தாச்சு. இதுக்குக் கார்பனும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம்.

#19 · பொடிமாஸ்டர் · 9.30

இன்ஃப்யூஷன் பத்தி நான் சொல்லியிருக்கணும். விட்டுப் போச்சு. சூடாக்கினா சுருங்கற பொடியே இருக்கு, சிர்கோனியம் டங்ஸ்டேட். மைனஸ் 9 பக்கம். 1996-ல அதைப் பத்தி வந்தப்ப எல்லாரும் குதிச்சாங்க. கனம் ஜாஸ்தி, விலை ஜாஸ்தி, அடியில தங்கிடும். ஃபிக்சருக்கு ஆகாது. தெரிஞ்சுக்கறதுக்காகச் சொன்னேன்.

#20 · கரிநார் · 10.12

தெரிஞ்சுக்கறதுக்குன்னா நானும் ஒண்ணு. கார்பனை நேரா போடாம பிளஸ் 30, மைனஸ் 30-ன்னு குறுக்கும் நெடுக்குமா போட்டா, நீளவாக்குல விரிவு இன்னும் மைனஸ்ல போகும். தகடு அகல வாக்குல விரியறப்ப அந்த நார்கள் கத்தரிக்கோல் மாதிரி திறந்து நீளத்தை உள்ளே இழுக்கும். கோணத்தைத் திருகிச் சரியா சைபர்ல நிறுத்தலாம். டெலஸ்கோப் குழாய்க்கு இதைத்தான் பண்றாங்க.

#21 · பழைய_லேஅப் · 10.50

சைபர்ல நிறுத்தினதுக்கு அப்புறமும் ஒருத்தன் வருவான், ஈரம். எபாக்ஸி காத்துல இருக்கற தண்ணியைக் குடிச்சு உப்பும், காஞ்சா சுருங்கும். சூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.

ஹப்பிள் டெலஸ்கோப்ல ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல தூரத்தைப் பிடிச்சு நிக்கறது கார்பன்-எபாக்ஸி சட்டம்தான். 1990-ல மேல போனதும், பூமியில குடிச்சு வச்சிருந்த ஈரம் வெற்றிடத்துல கொஞ்சம் கொஞ்சமா வெளியேறி, சட்டம் குட்டையாகிட்டே வந்துச்சு. ஆரம்ப வருஷங்கள்ல வேகமா, அப்புறம் மெதுவா. ஃபோகஸ் போகப் போக, இரண்டாம் கண்ணாடியை அப்பப்ப மைக்ரான் கணக்குல நகர்த்திச் சரி பண்ணிக்கிட்டே இருந்தாங்க. அதனாலதான் பின்னாடி வந்த விண்வெளிச் சட்டங்கள்ல ஈரம் குறைவாக் குடிக்கற சயனேட் எஸ்டர் ரெசின் பக்கம் போனாங்க.

கோவையில ஆடி மாசச் சாரலுக்கு உங்க ஃபிக்சரும் கொஞ்சம் குடிக்கும். 0.2 டாலரன்ஸுக்கு அதை விட்டுடலாம்.

#22 · டயல்கேஜ் · மதியம் 12.35

எல்லாரும் ஃபிக்சரையே பாத்துட்டு இருக்கோம். அதுமேல வைக்கற பம்பர் என்ன மெட்டீரியல்?

#23 · பேட்டர்ன்கடை_கோவை · 12.50

பாலிப்ரொப்பிலீன், டால்க் கலந்ததுங்க.

#24 · டயல்கேஜ் · 1.04

அது 70 விரியும்னு வச்சுக்கோங்க. 1.4 மீட்டர், 13 டிகிரி: 1.27 மி.மீ. உங்க ஃபிக்சர் 0.38 ஆடுதுன்னு ராத்தூக்கம் இல்லாம இருக்கீங்க. அது மேல உட்கார்ந்திருக்கறது ஒண்ணேகால் மி.மீ. நீண்டுட்டு நிக்குது.

உலகம் முழுக்க அளவு சொல்றது 20 டிகிரிக்கு, 1931-ல இருந்து. மதியம் 37 டிகிரி ஷெட்ல பம்பரை வச்சு கேப் (இடைவெளி) பாக்கறதுக்கு அர்த்தமே இல்லை, ஃபிக்சர் இன்வார்ல இருந்தாலும். கஸ்டமர் எந்த டெம்பரேச்சர்ல செக் பண்ணச் சொல்லியிருக்கார்? டிராயிங்ல மூலையில பொடி எழுத்துல இருக்கும், பாருங்க.

#25 · சும்மா_பாக்கவந்தவன் · 1.06

நான் ரெண்டாவது பதிவுலயே சொன்னேன்.

#26 · பேட்டர்ன்கடை_கோவை · 1.40

டிராயிங்கை எடுத்துப் பாத்தேன். "23 ± 2". கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடிஞ்சுது. ஏசிக்காரரே, உங்க கால் எங்கே இருக்குதுங்க?

#27 · டயல்கேஜ் · 2.15

ஏசி ரூமுக்குப் போனாலும் போல்ட்டைச் சரி பண்ணுங்க, கரண்ட் போனா திரும்ப இதே கதை. நடுவுல இருக்கற ரெண்டு போல்ட் மட்டும் டைட்டா இருக்கட்டும், அதுதான் ஆதாரம். மீதி எட்டுக்கும் ஃபிரேம் ஓட்டையை நீளவாக்குல ஸ்லாட் ஆக்குங்க. ஒவ்வொரு முனைக்கும் போற நகர்வு 0.15 தான், அரை மி.மீ. ஸ்லாட் தாராளம். சாதா போல்ட்டை இறுக்கினா உராய்வே பிடிச்சுக்கும். ஷோல்டர் போல்ட் (தோள் இருக்கறதால தட்டை நசுக்காத போல்ட்) போட்டு, மேலயும் கீழயும் டெஃப்லான் வாஷர் வைங்க. தட்டு நகரணும், தூக்கக் கூடாது. லாக்டைட்டைச் சூடாக்கிக் கழட்டுங்க, ஆனா தகட்டுப் பக்கம் சூடு போகாம. அதுக்கு டிஜி 50 தான், ஞாபகம் இருக்கட்டும்.

#28 · பேட்டர்ன்கடை_கோவை · மூணு வாரம் கழிச்சு, சனி இரவு 8.30

அப்டேட்டுங்க.

பழைய ஃபிக்சர்ல எட்டு ஓட்டையையும் ஸ்லாட் பண்ணி ஷோல்டர் போல்ட் போட்டாச்சு. அதே ஷெட்ல, காலைல 25, மதியம் 37. நடுவுல டயல் 0.09. எங்கப்பா டயல் முன்னாடி ஸ்டூலைப் போட்டுக்கிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தாரு, முள்ளு நகருதான்னு. மரப் பேட்டர்ன்லயே முப்பது வருசம் போனவரு. "மரமும் இப்படித்தாண்டா, திருகை இறுக்கினா பிளந்துரும், ஓட்டையை நீட்டி விடணும்"னாரு. இதை மூணு வாரம் முன்னாடி சொல்லியிருக்கலாமுல்ல!

அடுத்த ஆர்டருக்கு நெய்த துணி வாங்கிட்டேன். வேக்யூம் பம்ப் பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசர்ல இருந்து எடுத்தது. மேல 1 மி.மீ. கோட், அந்த மூட்டைப் பொடி கலந்தது, அடியிலயும் அதே மாதிரி 1 மி.மீ. தெர்மோகோல் பெட்டியில 80 டிகிரி போஸ்ட் க்யூர். முதல் நாள் ஹீட்டர் பக்கத்துல இருந்த தெர்மோகோல் உருகி ஒழுகிருச்சு. அப்புறம் ராக்வூல்ல பெட்டி கட்டினோம். ஒரு துண்டை எரிச்சுப் பாத்து எடை போட்டேன், கிளாஸ் 61%. ஸ்லாட்டோட டயல் 0.04. ரெண்டு தடவை பாத்தாச்சு.

கஸ்டமர் ஆளு வந்து பாத்துட்டு, செக் பண்ற இடத்துல டெம்பரேச்சர் எழுதி வைக்கணும்னுட்டாரு. ஒரு தெர்மாமீட்டர் வாங்கிச் சுவத்துல மாட்டியிருக்கேன்.

#29 · பழைய_லேஅப் · 8.52

61% முதல் தடவைக்கு நல்ல எண் தம்பி. எட்டு லேயருக்கு மேல போட்டா நடுவுல எரியற சூட்டை மட்டும் பார்த்துக்கோங்க. தெர்மோகோல் யோசனை சொன்னது நான்தான், 80-க்கு ஏத்துவீங்கன்னு நினைக்கலை. மன்னிக்கணும்.

#30 · டயல்கேஜ் · 9.10

தெர்மாமீட்டர் எந்தச் சுவத்துல?

#31 · பேட்டர்ன்கடை_கோவை · 9.14

மேற்குச் சுவத்துலங்க. ஏனுங்க?

#32 · பேட்டர்ன்கடை_கோவை · 9.15

சரிங்க, புரியுது. நாளைக்குக் காலைல ஃபிரேம்லயே ஒட்டிடறேன்.